நூற்று எண்பது அடர்த்தி

பெங்களூர் விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்னால் பிரியும் சந்துகளில் மூன்றாவதில் சரசுவின் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது என்பது பேச்சு. முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். சந்துக்குள் யார் வந்தாலும் அவள் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். யாருக்குப் பல்செட், யாருக்குத் தலைச்சாயம், எந்த மருமகள் எத்தனை நாளாக மாமியாரோடு பேசவில்லை என்பதையெல்லாம் ஊசியில் நூல் கோர்க்கிற நேரத்துக்குள் சொல்லிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மாடி வீட்டுக்குக் குடிவந்த பேங்க் ராஜேஷ்குமார் தலையில் இருந்தது அவர் முடி இல்லை என்று முதல் நாளே கண்டுபிடித்ததும் அவள்தான்.

“வகிடே இல்லியேடி அந்த ஆளுக்கு! தேங்காய்க்கு நார் வச்ச மாதிரி கீது” என்று எதிர்வீட்டு சங்கமித்ராவிடம் சொன்னாள். சொன்னது காலையில். சாயங்காலம் ராஜேஷ்குமார் பால் வாங்கப் போனபோது, பால் பூத்காரர் உட்பட யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் நெற்றிக்கு மேலேயே பார்த்துப் பேசினார்கள். இரண்டே மாதத்தில், ஆபீஸ் ரொம்ப தூரம் என்று சொல்லிவிட்டு மனிதர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.

அப்பேர்ப்பட்ட சரசுவின் தலையில்தான் பிப்ரவரி மாதம் புழுவெட்டு விழுந்தது.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழவழவென்று ஒரு வட்டம். அதை மூடிக் கொண்டை போட்டாள். மார்ச்சில் உச்சியில் இரண்டு. ஏப்ரல் முடிவதற்குள் இடுப்பு வரை தொங்கிய பின்னல் போய், அங்கங்கே நாலு கொத்து மிஞ்சியது. தோல் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது. திரும்பி வரலாம், டைம் ஆகும்.” டைம்தான் சரசுவிடம் இல்லை. மே மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகள் ஷில்பாவுக்கு நிச்சயதார்த்தம்.

ஜனவரியில் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியம், ஷில்பாவைப் பார்த்ததைவிட அதிக நேரம் சரசுவைத்தான் பார்த்தாள். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்கிறவள். ஃபைலைப் புரட்டுகிற மாதிரி மனிதர்களையும் புரட்டிப் பார்க்கிற பழக்கம். கிளம்பும்போது சரசுவின் பின்னலைக் கையில் எடுத்தே பார்த்தாள்.

“பொண்ணுக்கு அம்மா மாதிரியே முடின்னு புரோக்கர் சொன்னப்ப நம்பலீங்க. நிஜந்தான்.”

“எங்க பரம்பரையே அப்படித்தாங்க. எங்கம்மாவுக்குச் சாகறப்பகூட இந்தக் கனம்” என்று சரசு அன்றைக்கு வாயை விட்டாள். அந்த நிமிஷத்துப் பெருமையில் வேறு எதையும் அவள் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை நாகேஷ் ஹெல்மெட்டோடேயே உள்ளே வந்து, உட்காரும்போதுதான் அதைக் கழற்றினான். உட்கார்ந்ததும் எழுந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை விட்டு வாசல் பக்க ஸ்டூலுக்கு மாறினான். “சளிங்க” என்றான். உடம்பு கொஞ்சம் லேசான பையன் போல என்று மட்டும் குறித்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் பரம்பரைப் பேச்சுதான் முள்ளாகக் குத்தியது. அம்மா தலை இப்படி ஆனது தெரிந்தால், அதுவும் பரம்பரைதானே என்று கேட்க அந்த அம்மாளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நிச்சயம் நின்றுவிடும். நின்ற காரணத்தைச் சந்து முழுக்கச் சொல்வதற்கு சங்கமித்ரா இருக்கிறாள். சொல்லும் முறையை அவளுக்குப் பழக்கிவிட்டதே சரசுதான்.

“திருப்பதிக்குப் போய் மொட்ட போட்டுகினு வந்துடேம்மா, யாரு கேக்கப் போறா?” என்றாள் ஷில்பா.

“என்னா வேண்டுதல்னு கேப்பாங்கடி! நானா இருந்தா கேக்க மாட்டனா?”

ஷில்பா திருப்பதிப் பேச்சை அதோடு விட்டாள்.

இரண்டு மாதமாக சைனஸ் என்று சொல்லித் தலையில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டுதான் சரசு மெஷினில் உட்கார்ந்தாள். நிச்சயத்துக்குப் பட்டுப்புடவையும் ஸ்கார்ஃபுமாக நிற்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்துப் பிரேசர் டவுனில் மாடியில் இருந்த ஒரு விக் கடைக்குப் போனாள். காக்ஸ் டவுன் அங்கிருந்து கூப்பிடு தூரம். தனபாக்கியம் காய்கறிப் பையோடு எதிரே வந்துவிட்டால் என்ன சொல்வது என்று ஆட்டோவிலேயே மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் ஞானசேகரன் ஸ்கார்ஃபை அவிழ்க்கச் சொல்லி, பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பெயரும் வயதும் கேட்டுத் தலையை அளந்துகொண்டார். மூன்று விக்குகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். நீளம் ஒன்றே, கறுப்பும் ஒன்றே. அடர்த்திதான் வேறு.

“இது நூத்தி இருபது பர்சென்ட். சாதாரணத் தலைக்கு இது போதும். இது நூத்தி ஐம்பது, கொஞ்சம் தாராளம். இது நூத்தி எண்பது. இது கல்யாணப் பொண்ணு மேக்கப்புக்கு வாங்கிட்டுப் போவாங்க.”

சரசுவின் கை நேரே நூற்று எண்பதுக்குப் போனது.

“எந்த வயசு சரசம்மா வேணும் உங்களுக்கு?” என்றார் அவர்.

“என்னாங்க கேள்வி இது?”

“இல்லம்மா. ஐம்பத்திரெண்டு வயசுல நெத்தி ஓரத்துல கம்மியாத்தான் இருக்கும். வகிட்டுல கோடா தோல் தெரியும். முடி இருக்கிறது மட்டும் தெரிஞ்சா பத்தாது, இல்லாத இடமும் தெரியணும். அப்பதான் நம்புவாங்க. இந்த நூத்தி இருபத வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்தால் ஏதோ ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அம்மாள் போல இருந்தது. செல்போனை எடுத்து ஜனவரி மாதத்து போட்டோவைக் காட்டினாள். “நான் இப்படி இருந்தேன். அவங்க பாத்தது இத. இதுல ஒரு முடி கொறஞ்சாலும் அந்தம்மா கேக்கும்.”

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. சரசு விக்கோடு அப்படியே திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கூரியர்காரன். அவன் போன பிறகுதான் வெளியே வந்தாள். அந்தப் படபடப்பில் “நூத்தி எண்பதே கட்டுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அடுத்தவன் தலையில் வகிடு இல்லை என்று தன் வீட்டு ஜன்னலிலிருந்து கண்டுபிடித்தவள், தன் தலைக்கென்று வந்தபோது கொத்தாக அள்ளிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை வைத்துப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்த ஷில்பா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

“எப்படிடி கீது?”

“அம்மா...” ஷில்பா நெற்றிக்கு மேலேயே பார்த்தாள். “ராஜேஷ்குமார் அங்கிள்.”

சரசு கண்ணாடியைப் பார்ப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு சங்கமித்ரா உள்ளேயே வந்துவிட்டாள்.

“இன்னிக்கே ஃபால்ஸ் வேணும் சரசு, ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்குத்தான் கட்டிகினு...” பேச்சு பாதியில் நின்றது. கண் மேலே போனது. நெற்றியில் ஒரு நொடி, உச்சியில் ஒரு நொடி. “சைனஸ் போய்டுச்சா?”

“போய்டுச்சு.”

“முடி நல்லா தழைஞ்சிருக்குதே! என்னா தடவற?”

“கரிசலாங்கண்ணி எண்ணெய்.”

“எனக்கு ஒரு பாட்டில் குடேன்.”

“தீந்துடுச்சு.”

“ஓ.” சங்கமித்ரா புடவையை மெஷின்மேல் வைத்தாள். வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை சரசுவுக்குத் தெரியும். இன்னும் உறுதி ஆகவில்லை, ஆனால் ஆகிவிடும் என்கிற பார்வை. உறுதி ஆனால் ஞாயிற்றுக்கிழமை தனபாக்கியத்துக்குப் பக்கத்து நாற்காலியில்தான் போய் உட்காருவாள்.

வெள்ளிக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே சரசு படிக்கட்டில் நின்றாள். ஞானசேகரன் கதவைத் திறந்து நாற்காலியைக் காட்டினார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“கொறைக்கலாம்மா. ஆனா எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வைக்க முடியாது. அளவு நீங்கதான் சொல்லணும்.”

விக்கை அவள் தலையிலேயே வைத்து, சின்ன இடுக்கியால் வகிட்டோரத்தில் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கத் தொடங்கினார். உள்பக்கம் கத்தரி போட்டு இறக்கினார். மேஜையில் முடி சேர்ந்துகொண்டே போனது. அரை மணி ஆனது. சரசு கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இது தன் தலை இல்லை, எதிர்வீட்டுக்காரி தலை, ஜன்னலில் உட்கார்ந்து தான் அதைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். சட்டென்று பொய் தெரிந்தது.

“இன்னும்.”

பிடுங்கினார்.

“அந்த ஓரம். இன்னும்.”

“இதுக்கு மேல எடுத்தா அடியில முடி கோத்திருக்கற வலை தெரியும்மா.”

“நாலே நாலு.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு பிடுங்கினார். வகிடு கோணலாக, லேசாக, உள்ளே தோல் மாதிரி ஒன்று தெரிய, ஒரு கோடாக விழுந்தது. அவராகவே காதோரத்தில் மூன்று நரைமுடியைக் கோர்த்துவிட்டார். கண்ணாடியில் இருந்தவள் ஜனவரி சரசு இல்லை. சைனஸில் இரண்டு மாதம் கஷ்டப்பட்டு எழுந்த சரசு. யார் பார்த்தாலும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

“பூ வைப்பீங்களா?” என்றார் ஞானசேகரன்.

“நிச்சயத்துக்குப் பூ வைக்காம?”

“ஒரு முழம் போதும்மா. அதுக்கு மேல வேணாம். இப்ப இது லேசாயிடுச்சு. பின்னால கனம் ஏறினா முன்னால ஒட்டற டேப் விட்டுரும். வேர்வை பட்டா இன்னும் சீக்கிரம்.”

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஷாமியானா. காலை பத்து மணிக்கே துணிக்கு அடியில் வேகத் தொடங்கியது. ஷாமியானாக்காரர் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அது இடமும் வலமும் தலையைத் திருப்பித் திருப்பி எல்லோர்மேலும் அடித்தது. அது தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் சரசு ஏதோ எடுக்கிறவள் போலக் குனிந்தாள்.

சங்கமித்ரா இரண்டாவது வரிசையில். வந்ததும் சரசுவின் தலையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“ஏன்டி, அன்னிக்கு நெறய இருந்த மாதிரி இருந்துச்சு?”

“எண்ணெய் வச்சு எடுத்துக் கட்டுனா இவ்ளோதான். கொட்டிப் போச்சுடி, இந்த சைனஸ்ல.”

“ஆமா, பாவம் நீ” என்று சங்கமித்ரா ஜிலேபியைக் கடித்தாள். சரசுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தட்டு மாற்றிவிட்டால் போதும். இன்னும் அரை மணி.

அப்போதுதான் தனபாக்கியம் வாழையிலைப் பொட்டலத்தோடு எழுந்தாள். தட்டு மாற்றுவதற்கு முன் சம்பந்திக்குச் சம்பந்தி தன் கையால் பூ வைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பொட்டலத்தைப் பிரித்தாள். காக்கடாவும் கனகாம்பரமும் நெருக்கமாகக் கட்டியது, குறைந்தது ஐந்து முழம்.

“எனக்கு ஒரு முழம் போதுங்க சம்பந்தி.”

“அதெப்படி? அன்னிக்கு அந்தப் பின்னலப் பாத்துட்டு ஒரு முழம் வைக்க எனக்கு மனசு வருமா?”

“வச்சுக்கோ சரசு!” என்று பின்னாலிருந்து குரல்கள். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

தனபாக்கியம் பின்னால் வந்து நின்றாள். பூ கழுத்தில் ஈரமாகப் பட்டது. முதல் ஹேர்பின் நுழைந்தது. இரண்டாவதை அழுத்திச் செருகினாள். கனம் இறங்கியது. நெற்றிக்கு மேலே ஏதோ மெல்ல விட்டுப்போய், இத்தனை நாள் காற்றே படாத இடத்தில் ஜில்லென்று காற்றுப் பட்டது. சரசு பொட்டைச் சரிசெய்கிறவள் போல இரண்டு விரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டாள். ஃபேன் வலது கோடிக்குப் போய்த் திரும்பத் தொடங்கியது. மூன்றாவது பின்னோடு வந்த விரல்கள் பிடரியில், வலை முடிகிற விளிம்பில் பட்டன.

அங்கேயே நின்றன.

சரசுவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி தனபாக்கியம் குனிந்தாள். “சவுரியா சம்பந்தி?”

பின்னலுக்குக் கனம் சேர்க்கக் கட்டுகிற சவுரி மாடியில் இருந்த பெண்களில் பாதிப் பேர் தலையில் இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரசு அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஆமாங்க. சும்மா, ஒரு சின்ன சவுரி.”

தப்பித்தோம் என்று நினைத்தாள். விரல்கள் விடவில்லை.

“எந்தக் கடையில?”

“இங்கதான்... பக்கத்துல.”

“நல்லா இருக்குது. எனக்குப் பாக்கணும். கழட்டிக் காட்டுங்க.”

“அப்பறமா...”

“இப்பவே. வாங்க கீழ.” பள்ளிக்கூட ஆபீஸ் குரல் அது. சரசு ஒரு கையை நெற்றியில் வைத்தபடியே எழுந்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த ஷில்பாவின் முகம் வெளுத்தது. சங்கமித்ரா பாதி எழுந்தாள். “என்னா ஆச்சு? நானும் வரட்டா?”

“நீ உக்காரு!” என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கீழே முன்னறைக்கு வந்ததும் தனபாக்கியமே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மெஷினுக்கு முன் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். மேலே ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பொய் சொல்லலாம்தான். ஆட்டோவில் தயார் செய்த மூன்றும் அப்படியே மிச்சம் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. சரசு பூவோடு சேர்த்து விக்கைக் கழற்றி மெஷின்மேல் வைத்தாள்.

தனபாக்கியம் தலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எப்பலேருந்து?”

“பிப்ரவரி. புழுவெட்டு.”

“ஷில்பாவுக்கு?”

“ஒண்ணும் இல்லீங்க. நாளைக்கு வருமா வராதான்னு கேட்டா எனக்குத் தெரியாது. டாக்டரக் கேட்டேன், அவரும் அடிச்சுச் சொல்லல. பரம்பரைன்னு அன்னிக்கு நாந்தான் பெருமையா சொன்னேன்.” சரசு விக்கை அவள் பக்கம் தள்ளினாள். “நிறுத்தறதுன்னா இப்பவே நிறுத்திடுங்க. தட்டு மாத்தினதுக்கு அப்பறம் வேணாம். என் பொண்ணுக்கு இதுல பங்கு இல்ல.”

தனபாக்கியம் விக்கை எடுத்தாள். திருப்பினாள். வலையைப் பார்த்தாள். வகிட்டைக் கட்டைவிரலால் தடவினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“இது என்னா அடர்த்தி?”

“நூத்தி எண்பது வாங்கி, நூத்தி இருபதுக்கு எறக்கினது.”

“அதான். அவனுது இருநூறு.”

“யாருது?”

தனபாக்கியம் கூரையைப் பார்த்தாள்.

சரசுவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஜனவரி மாதத்து நாற்காலி ஞாபகம் வந்தது. சளி. வாசல் பக்க ஸ்டூல். வீட்டுக்குள் வந்தும் கடைசி நிமிஷம் வரை கழற்றாத ஹெல்மெட். அத்தனையும் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

“நான் பாக்கவே இல்லியே!” என்று அலறிவிட்டாள். நிச்சயம் நிற்குமோ என்ற பயத்தைவிட ஒரு கணம் அதுதான் பெரிதாக வலித்தது.

“மெதுவா!” தனபாக்கியம் கையமர்த்தினாள். “முப்பது வயசுலயே முன்னால காலி. ஆன்லைன்ல யாரையும் கேக்காம வாங்கினான், நெறய இருந்தா நல்லதுன்னு. கோழிக்கூடு மாதிரி நிக்குது. அஞ்சு மாசமா நான் உங்களுக்குப் பயந்து சாகறேன் சம்பந்தி. புரோக்கர் சொன்னான், அந்தம்மா கண்ணுல படாம பாத்துக்கோங்க, ஒரு பேங்க்காரரையே தெருவை விட்டுத் தொரத்துனவங்கன்னு.”

சரசு மெஷின்மேல் கிடந்த நூல்கண்டை எடுத்து, சுற்றி, மறுபடி வைத்தாள்.

“ஷில்பாவுக்குத் தெரியுமா?”

“முதல் வாரமே சொல்லிட்டான். உங்ககிட்ட மட்டும் சொல்லாதன்னு அவதான் சொன்னாளாம்.”

ஷில்பா சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சரசுவுக்குத் தெரியும். காலையில் இவள் சங்கமித்ராவிடம் சொல்லியிருப்பாள், சாயங்காலம் பால் பூத் வரை போயிருக்கும்.

கதவு தட்டப்பட்டது. “ஏய் சரசு, ஐயர் கூப்படறாரு, நேரம் ஆகுது!” சரசுவின் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பாவின் குரல்.

“ரெண்டு நிமிஷம்!” என்று தனபாக்கியம் சத்தம் போட்டாள். ஐந்து முழத்தில் நாலைப் பிய்த்துத் தையல் கூடைக்குள் போட்டாள். விக்கைச் சரசுவின் தலையில் வைத்து, வியர்வையைத் தன் முந்தானையால் ஒற்றி, டேப்பை அழுத்தி, வகிட்டைக் கோணலாகச் சரிசெய்தாள். ஒரு முழத்தை ஒரே பின்னில் செருகினாள்.

“கடை பேர மட்டும் சொல்லுங்க. கல்யாணத்துக்குள்ள அவனுதையும் எறக்கிடணும்.”

மேலே போனபோது நாகேஷ் மேடையில் உட்கார்ந்திருந்தான். ஃபேன் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் எதையோ யோசிக்கிறவன் போல நெற்றியில் கை வைத்தான்; போனதும் எடுத்தான். இப்போது சரசுவுக்கு எல்லாம் தெரிந்தது. வகிடு இல்லை. ஓரம் இல்லை. முன்நெற்றியில் ஒரே அளவில் வெட்டின வேலி. இத்தனை பெரிய பொய்யை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

இரண்டாவது வரிசையில் சங்கமித்ரா ஜிலேபித் தட்டைக் கீழே வைத்தாள். கழுத்தைக் கொஞ்சம் நீட்டினாள். கண் மாப்பிள்ளையின் முகத்தை விட்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஃபேன் இடது கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்த நாகேஷுக்கு இந்தத் தடவை நெற்றியைப் பிடிக்கக் கை சும்மா இல்லை.

சரசு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியைக் குறுக்கே கடந்து போய் ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

ஷாமியானாவுக்கு அடியில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

“ஏன்டி நிறுத்துன? வேகுதுடி!” என்றாள் சங்கமித்ரா.

“மாப்பிள்ளைக்கு ஆகாது.”

“என்னா ஆகாது? மே மாசத்துலயா?”

“சைனஸ்” என்றாள் சரசு. “எனக்கு இருந்துச்சே, அதே.”

சுவிட்சுக்கு முன்னாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.